நவம்பரில் பார்க்க வேண்டிய ஊர்

மலையில் குடியேற ஊர் தேடுகிறவர்கள் பெரும்பாலும் ஏப்ரல், மே மாதங்களில்தான் வருகிறார்கள். கீழே வெயில் கொளுத்துகிறது. மேட்டுப்பாளையம் தாண்டி நாலைந்து வளைவு ஏறியதும் ஏசியை நிறுத்திவிட்டுக் கார் கண்ணாடியை இறக்குகிறார்கள். குளிர்ந்த காற்று முகத்தில் படுகிறது. பாதி முடிவு அங்கேயே ஆகிவிடுகிறது. மறுநாள் காலை விடுதி வராந்தாவில் நின்று பள்ளத்தாக்கைப் பார்க்கும்போது மீதிப் பாதியும் ஆகிவிடுகிறது. ஊர் திரும்பிய கையோடு தரகருக்குப் போன் போடுகிறார்கள்.

நானும் என் கணவரும் சென்னையை விட்டுக் கோத்தகிரிக்கு வந்து 7 ஆண்டுகள் ஆகின்றன. இன்னும் வாடகை வீடுதான். இந்த 7 ஆண்டுகளில் எத்தனையோ நண்பர்களும் அவர்களுடைய நண்பர்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “எந்த ஊர் நல்லா இருக்கும்?” என்று கேட்டிருக்கிறார்கள். தினமும் நடக்க வேண்டும், தோட்டம் போட வேண்டும், பறவை பார்க்க வேண்டும், பிள்ளைகள் மண்ணில் விளையாட வேண்டும். எல்லோருக்கும் ஏறக்குறைய இதே ஆசை. இந்த ஆசையில் ஒரு குறையும் எனக்குத் தெரியவில்லை. அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரைத் தேர்ந்தெடுக்கும் முறையில்தான் குறை இருக்கிறது. உயரத்தைப் பார்க்கிறார்கள், வியூவைப் பார்க்கிறார்கள். வீட்டு வாசலிலிருந்து கால்நடையாக எங்கே போக முடியும், யாருடைய நிலத்தின் வழியாகப் போக முடியும் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை. திறந்த வெளியில் வாழும் வாழ்க்கை கடைசியில் அந்தக் கேள்வியில்தான் வந்து நிற்கிறது.

இந்த இடப்பெயர்வு தருவதை முதலில் சொல்லிவிடுகிறேன். தருவது சின்ன விஷயமில்லை. கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 6 டிகிரி குறையும். கோத்தகிரி சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சென்னையில் நடை என்பது விடிவதற்கு முன் எழுந்து பூங்காவை எட்டுச் சுற்று சுற்றும் கடமையாக இருந்தது. இங்கே பால் வாங்கப் போவதும் நடைதான், தபால் போடப் போவதும் நடைதான். காலை 11 மணிக்குக்கூட வெளியே இறங்கலாம். வந்த இரண்டாம் ஆண்டில் என் கணவரின் சர்க்கரை மாத்திரையை மருத்துவர் பாதியாகக் குறைத்தார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஒற்றையடிப் பாதை இறங்குகிறது. ஏழு மணிக்குப் போனால் தேயிலைச் செடிகளின் மேல் சிலந்தி வலைகள் பனித்துளி கோத்துக் கிடக்கும். கொழுந்து பறிக்க வரும் பெண்கள் இடுப்பில் பிளாஸ்டிக் படுதாவைச் சுற்றிக் கட்டிக்கொண்டிருப்பார்கள், செடி முழுக்க ஈரம் என்பதால். சற்று கீழே, ஓடையைத் தாண்டும் இடத்தில் சீகாரப் பூங்குருவி ஒன்று பாறை மேல் உட்கார்ந்து, பள்ளிக்கூடப் பையன் சாவகாசமாகச் சீட்டியடிப்பதுபோல் பாடிக்கொண்டிருக்கும். அதற்கு அப்பால் கற்பூர மரக்காடு. அதையும் ஏறிக் கடந்தால் ஒரு ஹட்டி, அதாவது படுகர் ஊர். அங்கிருந்து டீக்கடை, பஸ் ஸ்டாப். ஒன்றேகால் மணி நேரம். இதை நான் தினமும் நடக்கிறேன். எந்த மலையுச்சியும் எனக்கு இந்த அளவு கொடுத்ததில்லை.

ஊரை உயரத்தால் அளக்கும் பழக்கம் நமக்கு வந்த வழி வேறு. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819-ல் மலையேறி வந்தார். கோத்தகிரிக்குப் பக்கத்தில் கன்னேரிமுக்கில் அவர் கட்டிய வீடு இன்றும் நினைவிடமாக நிற்கிறது. பிறகு அவர் இன்னும் மேலே போய் ஊட்டியை உருவாக்கினார். சமவெளியின் காய்ச்சலுக்கும் வெக்கைக்கும் பயந்து தங்கள் நாட்டுக் குளிரைத் தேடிப் போனவர்கள் அந்த ஆங்கிலேயர்கள். உயர உயர அவர்களுக்குச் சொந்த ஊர் நெருங்கிவந்தது. நமக்கு அந்தத் தேவை இல்லை, அளவுகோலை மட்டும் வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறோம். இந்த மலையிலேயே தலைமுறை தலைமுறையாக வாழும் படுகர்களின் ஹட்டிகளைப் பாருங்கள். விளிம்பில் ஒன்றும் இருக்காது. காற்று நேரடியாக அறையாத இடமாக, மென்மையான சரிவில், தண்ணீருக்கு எட்டும் தூரத்தில் வரிசையாக வீடுகள் இருக்கும். எங்கே குடியிருப்பது என்பதற்கு இந்த மலையில் இதைவிட நல்ல பாடம் கிடைக்காது.

உயரம் உடம்பிடமும் கணக்குக் கேட்கும். ஊட்டி 2,240 மீட்டர். அங்கே காற்றழுத்தம் கடற்கரையில் இருப்பதைவிட ஏறத்தாழ கால் பங்கு குறைவு. தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடும், குக்கர் இல்லாமல் பருப்பு லேசில் வேகாது. அது சமையலறைத் தொல்லை, பழகிக்கொள்ளலாம். இதயத்திலோ நுரையீரலிலோ கோளாறு உள்ளவருக்கு அதே கால் பங்குக் குறைவு மேடு ஏறும்போதெல்லாம் தெரியும். நடப்பதற்காக வந்தவர் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுவார். டிசம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கே முதலில் நீர்ப்பனி, அப்புறம் உறைபனி. தலைக்குந்தா பக்கம் காலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும், அதைப் படமெடுக்கக் கூட்டம் வரும். அதே பனியில் தேயிலையும் காய்கறிச் செடியும் கருகுவது படத்தில் வராது. தோட்டம் போடும் ஆசையோடு வருகிறவர்கள் 400 மீட்டர் கீழே இறங்கிக் குன்னூரிலோ கோத்தகிரியிலோ பார்த்தால் உறைபனியின் கடுமை பெருமளவு விலகிவிடும். ஊட்டி வாழத் தகாத ஊர் என்று நான் சொல்லவில்லை. 2011 கணக்கெடுப்பிலேயே 88 ஆயிரம் பேருக்கு மேல் வாழ்ந்த நகரம் அது. நகரத்தை விட்டு வருகிறவர்கள் இன்னொரு நகரத்துக்கு வருகிறோம் என்று தெரிந்து வந்தால் போதும்.

வியூ விஷயத்தில் எனக்கு இவ்வளவு தாராளம் இல்லை. தரகர்கள் ‘வியூ சைட்’ என்று காட்டும் இடம் பெரும்பாலும் செங்குத்துச் சரிவு. அதில் வீடு வர வேண்டுமென்றால் மேல் பக்கம் மண்ணை வெட்டி, வெட்டிய மண்ணைக் கீழ்ப் பக்கம் கொட்டிச் சமதளம் ஆக்க வேண்டும். வீட்டின் பின்புறம் நெட்டுக்குத்தாக நிற்கும் செம்மண் சுவர், முன்புறம் இறுகாத கொட்டல் மண். நீலகிரியில் கெட்டிப் பாறைக்கு மேலே பல இடங்களில் ஆழமான செம்மண் போர்வை கிடக்கிறது. விடாமல் நாலு நாள் மழை பெய்தால் அந்தப் போர்வை தண்ணீரைக் குடித்துக் கனத்துவிடும். இயற்கையான வடிகாலை மறித்துக் கட்டியிருந்தால் போக்கிடம் இல்லாத தண்ணீர் மண்ணையும் சேர்த்துத் தள்ளிக்கொண்டு இறங்கும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 செ.மீ. மழை கொட்டியது. குன்னூர், கோத்தகிரி, கேத்தி வட்டாரங்களில் 40 பேருக்கு மேல் மண்ணில் புதைந்து இறந்தார்கள். மாவட்டத்தில் 283 இடங்களை அபாயகரமானவை என்று நிர்வாகம் அடையாளம் கண்டு வைத்திருக்கிறது. மனை பார்க்க வருகிறவர்கள் கேட்க வேண்டிய பட்டியல் அது.

இதெல்லாம் தெரிந்துதான் மலைப்பகுதிக் கட்டடங்களுக்கு 7 மீட்டர் உயரக் கட்டுப்பாடு, ஜேசிபி வைத்து மண்ணெடுக்கவும் ஆழ்துளைக் கிணறு போடவும் தடை என்றெல்லாம் விதிகள் இருக்கின்றன. விதிகளைத் தொல்லை என்று புலம்பும் புதியவர்களிடம் நான் எங்கள் தெருவுக்கு மேலே நடந்ததைச் சொல்வேன். மூன்று ஆண்டுகளுக்கு முன் ஒரு நவம்பர் இரவு. புதிதாகக் கட்டிய வீட்டின் பின்பக்கத் தடுப்புச் சுவர், தண்ணீர் வடிய ஓட்டை விடாமல் கட்டியது, முதலில் வயிறு போல முன்னால் பிதுங்கியது. விடியற்காலை மூன்று மணிக்கு இடிந்தது. லாரி ஜல்லி கொட்டினால் கேட்குமே, அப்படி ஒரு சத்தம். சமையலறை ஜன்னல் வரை சேறு. அந்த வீட்டுக்காரர்கள் முன் அறையில் தூங்கியதால் பிழைத்தார்கள். கையில் டார்ச்சோடு நின்ற ஹட்டிக்காரப் பெரியவர் ஒருவர், “அந்த இடத்துல தண்ணி வரும்னு எங்களுக்குத் தெரியும். கேட்டிருந்தா சொல்லியிருப்போம்” என்றார். கேட்டிருந்தா என்ற அந்த வார்த்தை எனக்குள் இன்னும் கிடக்கிறது.

மே மாதத்தில் வருகிறவர்களுக்குத் தெரியாத இன்னொன்று, ஒரே மாவட்டத்துக்குள் மழை இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது என்பது. 2,637 மீட்டர் உயரத் தொட்டபெட்டா நடுவில் சுவர்போல் நிற்கிறது. ஜூன் முதல் ஆகஸ்ட் வரை தென்மேற்குப் பருவமழை கூடலூர், பந்தலூர், அவலாஞ்சி பக்கங்களை அடித்துத் துவைக்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 91 செ.மீ. பதிவானது. தொட்டபெட்டாவுக்குக் கிழக்கே இருக்கும் கோத்தகிரிக்கு அந்த மழையின் மிச்சம்தான் வரும். எங்கள் மழை அக்டோபரிலிருந்து டிசம்பர் வரை, வடகிழக்கிலிருந்து ஏறி வருவது. ஆகையால் ‘நீலகிரியில் குடியேறுகிறேன்’ என்று சொல்வதில் அர்த்தமே இல்லை. எந்த மழைக்குக் கீழே குடியேறுகிறேன் என்பதுதான் கேள்வி. ஜூலையில் நடக்க முடியாமல் போகுமா, நவம்பரிலா? எங்கள் வீட்டில் நவம்பர் மாதம் ஒரு பேண்ட் காய நாலு நாள் பிடிக்கும். பீரோவில் வைத்த தோல் செருப்பில் பச்சையாகப் பூசணம் பூக்கும். என் கணவரின் கேமரா லென்ஸ் ஒன்றில் உள்ளே பூஞ்சை படர்ந்து முதல் வருஷமே வீணாயிற்று. சாயங்காலம் சீகை விறகை அடுக்கித் தீ மூட்டி அதன் முன்னால் உட்கார்ந்தால்தான் எலும்பிலிருந்து ஈரம் இறங்கும். இதைப் பத்து நாள் அனுபவித்த பிறகும் ஊர் பிடித்திருந்தால் அது உங்கள் ஊர்.

இப்போது நடைக்கு வருகிறேன். சமவெளியிலிருந்து பார்க்கிறவர்களுக்கு மலை என்றால் காடு, காடு என்றால் போய் நடக்கலாம். அப்படி இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் கால் வைப்பது குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கிய மலையேற்றக் குழுவினரில் 23 பேர் இறந்தார்கள். அதன் பிறகு அரசு மலையேற்றத்துக்குத் தனி விதிகளே கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை 40 மலையேற்றப் பாதைகளை முன்பதிவு முறையில் திறந்தது. பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் கூட வருவார்கள், அவர்களில் பழங்குடி இளைஞர்கள் நிறையப் பேர். நல்ல ஏற்பாடு. காட்டை மூடி வைத்திருப்பதும் சரி என்றே நினைக்கிறேன். யானைக்கும் புலிக்கும் விட்டுவைத்திருக்கும் கொஞ்ச இடத்தில் நம் பொழுதுபோக்குக்கு அவசரம் என்ன? ஆனால் ஆண்டுக்கு இரண்டு தடவை பதிவு செய்து போகும் மலையேற்றம் வாழ்க்கை முறை ஆகாது. அதற்குச் சென்னையிலிருந்தே வந்துபோகலாம்.

தினசரி நடை வேறெங்கே நடக்கிறது? சிறு விவசாயிகளின் தேயிலைக்கு நடுவே, எஸ்டேட் மண் சாலையில், ஹட்டியிலிருந்து கோயிலுக்குப் போகும் வழியில். நான் தினமும் போகும் பாதை நாலு பேருடைய தோட்டங்களைத் தொட்டுப் போகிறது. 1964 சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து திரும்பி வந்த குடும்பங்களின் லைன் வீடுகளை, தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளை, உரசிப் போகிறது. அந்தப் பாதையில் எனக்குச் சட்டப்படி ஒரு உரிமையும் கிடையாது. அவர்கள் முகம் சுளிக்காததால் நான் நடக்கிறேன். அவ்வளவுதான்.

காலையில் அந்த லைனில் இருக்கும் ஒரு பெண் என்னைப் பார்த்ததும் தூரத்திலிருந்தே கையை உயர்த்துவாள். “அக்கா, ஓடைக்கிட்ட காட்டுமாடு ரெண்டு நிக்குது. ஒண்ணு கன்னுக்குட்டி. அரை மணி கழிச்சுப் போங்க.” ஒரு டன் எடை வரை வளரக்கூடிய விலங்கு, கன்றோடு நிற்கும்போது அதன் முன்னால் போய் நிற்பது உயிர்ப் பிரச்சினை. எந்தச் செயலியும் எனக்கு அந்தச் செய்தியைச் சொல்வதில்லை. கோத்தகிரியில் கரடிகளும் உண்டு. எண்ணெய் வாசத்துக்கும் சாப்பாட்டு வாசத்துக்கும் கடைக்குள்ளும் வீட்டுக்குள்ளும்கூடப் புகுந்துவிடும். ஆறு மணிக்கு மேல் எந்தப் பாதையில் போகக் கூடாது என்பதும் அந்தப் பெண் சொல்லித்தான் எனக்குத் தெரியும். இதனால்தான் ஊரைத் தேர்ந்தெடுப்பது பக்கத்து வீட்டுக்காரர்களைத் தேர்ந்தெடுப்பது என்று வருகிறவர்களிடம் சொல்கிறேன். எத்தனை பேர் பேசுகிறார்கள், எத்தனை பேர் வழி விடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்கள் நடையின் நீளம்.

இந்தக் கண்ணோடு மற்ற ஊர்களைப் பார்த்தால் வரிசை மாறிவிடுகிறது.

கொடைக்கானலின் அழகில் எனக்குச் சந்தேகமே இல்லை. 1863-ல் லெவிஞ் துரை வெட்டிய ஏரியைச் சுற்றி 5 கிலோமீட்டர் நடப்பது, கூட்டம் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை காலையில், தமிழ்நாட்டின் மிக நல்ல நடைகளில் ஒன்று. ஆனால் அந்தச் செவ்வாய்க்கிழமை எத்தனை வரும்? ஊரைச் சுற்றியுள்ள காடு 2013-லிருந்து வனவிலங்குச் சரணாலயம். ஊருக்குள் நடக்கத்தக்க இடங்கள் பார்வையாளர்களுக்காக அமைந்தவை, அவர்களால் நிறைந்தவை. உயர் நீதிமன்றம் தலையிட்டு 2024 மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்தது. 2025-ல் எண்ணிக்கைக்கே வரம்பு போட்டார்கள். நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000. கொடைக்கானலுக்கு 4,000, 6,000. வரம்பே இவ்வளவு என்றால் அதற்கு முன் எவ்வளவு என்று யோசியுங்கள். அந்த வரம்பு உள்ளூர்க்காரர்களான எங்களுக்கு இல்லை, நெரிசல் மட்டும் எங்களுக்கும் சேர்த்துத்தான். மே மாதத்துக்கான மளிகைச் சாமானை நான் ஏப்ரல் கடைசியிலேயே வாங்கி வைத்துவிடுகிறேன். கொடைக்கானலில் ஒரு புயல் வந்தால் என்ன ஆகும் என்பதை 2018 நவம்பரில் கஜா காட்டியது. மரங்கள் விழுந்து வத்தலக்குண்டு சாலை அடைபட்டது, ஊர் இருட்டில் கிடந்தது. அங்கே போகிறவர்கள் பூம்பாறை போன்ற கிராமங்களின் பக்கம் மனதைத் திருப்பினால் நல்லது. பூண்டு வயல்களின் படிக்கட்டு வரப்புகளில் நடப்பதற்கு டிக்கெட் கிடையாது.

ஏற்காட்டை ‘ஏழைகளின் ஊட்டி’ என்று சொல்லிச் சொல்லியே அதன் மதிப்பைக் குறைத்துவிட்டோம். 1,500 மீட்டர் உயரம்தான். வெயில் காலத்தில் மதியம் வியர்க்கத்தான் செய்யும். ஆனால் காபித் தோட்டம் நிழலுக்குள் வளர்வது. பெரிய மரங்களுக்குக் கீழே, வெயிலே படாமல் கிலோமீட்டர் கணக்கில் நடக்கக்கூடிய ஊர் அது. 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கினால் 30 கிலோமீட்டரில் சேலம், அங்கே மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 60 வயதைத் தாண்டியவர் என்னிடம் கேட்டால் ஊட்டிக்கு முன்னால் ஏற்காட்டைச் சொல்வேன். ஏலகிரி, சென்னைக்காரர்களின் வார இறுதி வீட்டு மனைகளாகவே நிரம்பிக்கொண்டிருக்கிறது, அதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை.

வால்பாறைக்குப் போய்வந்தவர்கள் எல்லோரும் அங்கேயே இருந்துவிட ஆசைப்படுகிறார்கள். 40 கொண்டை ஊசி வளைவுகளுக்கு மேலே, ஆனைமலைப் புலிகள் காப்பகத்துக்கு நடுவில் பச்சைத் தீவு போல இருக்கும் ஊர். நிலத்தில் பெரும்பகுதி கம்பெனி எஸ்டேட்டுகளிடம். யானை எங்கே நிற்கிறது என்று செல்போனில் தகவல் அனுப்பவும், இரவில் சிவப்பு விளக்கு எரியவிட்டு எச்சரிக்கவும் இயற்கைப் பாதுகாப்பு அறக்கட்டளை அமைத்த ஏற்பாடு அங்கே பல உயிர்களைக் காத்திருக்கிறது. அப்படியும் லைன் வீட்டு வாசலில் விளையாடிய பிள்ளைகளைச் சிறுத்தை தூக்கிப் போயிருக்கிறது. பிள்ளைகள் வெளியில் வளரட்டும் என்று வருகிறவர்கள், அங்கே வேறு வழியில்லாமல் வெளியில் வளரும் பிள்ளைகளைப் பற்றி ஒரு நிமிஷம் நினைக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். தூரத்துக் கழிப்பறைக்கு அந்தி நேரத்தில் போகிற குழந்தைக்கும் திறந்த வெளிதான்.

நிலம் வாங்குவது பற்றி என் கருத்து கறாரானது: முதல் இரண்டு ஆண்டுகள் வாங்காதீர்கள். கூடலூர் பக்கம் ஜென்ம நிலப் பிரச்சினை 1969 சட்டத்திலிருந்து இன்னும் முழுதாகத் தீரவில்லை. அங்கே பட்டா இல்லாமலே தலைமுறைகளாக வாழ்கிறவர்களின் தவிப்பு ஒரு பக்கம், அது தெரியாமல் பணம் கொடுத்துவிட்டு நிற்கிறவர்கள் இன்னொரு பக்கம். மசினகுடிப் பக்கம் யானை வழித்தடத்தில் கட்டிய விடுதிகள் விஷயத்தில் உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் யானைகளின் பக்கம் நின்றது. வில்லங்கச் சான்று மட்டும் பார்த்து மலையில் நிலம் வாங்கக் கூடாது. ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் அனுமதி தேவைப்படும் கிராமமா, வழித்தடமா, ஓடைப் புறம்போக்கா என்று பார்க்க வேண்டும். இரண்டு மழை பார்க்க வேண்டும். வாடகை வீட்டில் இருந்தால் ஊர் ஒத்துவராதபோது பெட்டியைக் கட்டலாம். 20 சென்ட் வாங்கிவிட்டால் ஊர் ஒத்துவந்ததாக நம்பித்தான் ஆக வேண்டியிருக்கும்.

மலையில் நிலம் வாங்கும் இந்தப் பழக்கத்தின் மேல் எனக்கு உள்ள பெரிய மனக்குறை, வருகிறவர்களுக்கு என்ன ஆகிறது என்பதைவிட ஊருக்கு என்ன ஆகிறது என்பதுதான். பச்சைத் தேயிலைக்குக் கட்டுபடியாகும் விலை கேட்டு நீலகிரியின் சிறு விவசாயிகள் ஆண்டுக்கணக்கில் போராடுகிறார்கள். கொழுந்து விற்ற காசு உரத்துக்கும் கூலிக்கும் சரியாகப் போகிறது. மகளின் கல்யாணமோ மகனின் படிப்போ வரும்போது தோட்டத்தில் ஒரு துண்டு போகிறது. வாங்குகிறவர் திறந்த வெளியைத் தேடி வந்த என்னைப் போன்ற ஒருவர். முதலில் அவர் செய்வது வேலி போடுவது. விலங்கு வரும், திருடன் வருவான் என்ற அவருடைய பயம் நியாயமானது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் பாதையில், கற்பூர மரக்காட்டுக்குச் சற்று முன்னால், ஒரு பச்சை இரும்பு கேட் வந்தது. பறிக்கப் போகும் பெண்கள் இப்போது மேலே சுற்றிக்கொண்டு ரோடு வழியாகப் போகிறார்கள், தலையில் 25 கிலோ கொழுந்தோடு. காட்டுமாட்டுக்கும் அது வழிதான். மாடு இப்போது லைன் வீடுகளுக்கு நடுவே புகுந்து போகிறது. அந்த வீட்டுக்காரரை எனக்குத் தெரியும். நல்ல மனிதர். காம்பவுண்டுக்குள் தினமும் சுற்றிச் சுற்றி நடக்கிறார்.

குடிவந்தவர்களால் கெடுதல் மட்டுமே என்று எழுதினால் அது பொய்யாகிவிடும். இரண்டு வீடு தள்ளிக் குடியிருக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் லைன் பிள்ளைகளுக்கு மாலையில் கணக்குச் சொல்லித் தருகிறார். போன வருஷம் இரண்டு பேர் பத்தாம் வகுப்பில் நல்ல மார்க் எடுத்தார்கள். கோத்தகிரிக்குப் பக்கத்தில் 116 ஹெக்டேர் லாங்வுட் சோலை இன்று நிற்கிறதென்றால், மரம் வெட்டாமல் காவல் காத்த ஊர்மக்களின் குழுவால் நிற்கிறது. கீழே உள்ள கிராமங்களின் குடிதண்ணீர் அந்தச் சோலையிலிருந்து ஊறுவது. அப்படிப்பட்ட வேலையில் போய்ச் சேர்ந்துகொள்கிறவர்களுக்கு ஊர் வேகமாகத் திறக்கிறது. டிசம்பர், ஜனவரியில் பேரகணியில் ஹெத்தையம்மன் திருவிழா. வெள்ளை உடுத்தி வரும் அந்த ஜனக்கூட்டத்தின் ஓரத்தில் முதல் வருஷம் நின்றோம். மூன்றாம் வருஷம் ஒரு வீட்டுக்குள் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டார்கள். அந்த வீட்டுத் தோட்டத்தின் வழியாகத்தான் கேட் வந்த பிறகு என் பாதை திரும்பிப் போகிறது.

மருத்துவமனை பற்றியும் சொல்ல வேண்டும். கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் 33 கிலோமீட்டர், கோவைக்கு நல்ல நாளில் இரண்டு மணி நேரம். மாவட்டத்துக்கே அரசு மருத்துவக் கல்லூரி ஊட்டியில் வந்திருப்பது பெரிய ஆறுதல். மழையில் கோத்தகிரிச் சாலை அடைபட்டால் குன்னூர்ச் சாலை இருக்கிறது, இரண்டும் ஒரே இரவில் அடைபட்ட மழைக்காலங்களும் உண்டு. மருந்தை ஒரு மாதத்துக்குச் சேர்த்து வாங்கி வைக்கும் பழக்கம் எங்களுக்கு அப்படி வந்தது.

சென்ற நவம்பர் கடைசி வாரம் பெங்களூரிலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். மே மாதமே வருவதாக இருந்தவர்களை நான்தான் தள்ளிப்போடச் சொன்னேன். பத்து நாள் தங்கினார்கள். அதில் எட்டு நாள் மழை. அந்தப் பெண்ணின் ஜீன்ஸ் ஐந்தாம் நாளும் காயவில்லை. இரண்டு இரவு கரண்ட் இல்லை. ஒன்பதாம் நாள் காலை வானம் வெளுத்தது. பாதையில் அவர்களை அழைத்துப் போனேன். லைன் வீடுகளைத் தாண்டும்போது வழக்கம்போல் கை உயர்ந்தது. “அக்கா, இன்னைக்கு ஒண்ணும் இல்ல, போங்க. யாரு இவங்க, சொந்தக்காரங்களா?”

“வீடு பாக்க வந்திருக்காங்க.”

அவள் அந்தப் பெண்ணின் ஈர ஜீன்ஸைப் பார்த்தாள். “மழையிலயா வந்தாங்க?” என்று கேட்டுவிட்டு, உள்ளே திரும்பி யாரிடமோ தண்ணீர் கொதிக்க வைக்கச் சொன்னாள். திண்ணையில் உட்கார்ந்து கட்டஞ்சாயா குடித்தோம். மேல் லைனில் ஒரு வீடு காலியாகப் போகிறதாம், ஓடு மட்டும் இரண்டு இடத்தில் ஒழுகுமாம், வாடகைக்குக் கேட்டுப் பார்க்கட்டுமா என்றாள். அந்தப் பெண் கணவரின் முகத்தைப் பார்த்தார். பிறகு, கேட் இருக்கும் இடத்தில் பாதை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று என்னிடம் கேட்டார்.